பரவாயில்லைக்கு எந்தப் பொத்தான்?

இன்று காலை மழை வரும் போலிருந்தது. அலமாரியின் அடித்தட்டில் குடையைத் தேடிக் கை விட்டபோது, நீல நாடாவில் தொங்கும் அந்த அடையாள அட்டை சிக்கியது. மூக்கருகே கொண்டுபோனேன். புது பிளாஸ்டிக் வாடை இன்னும் போகவில்லை. உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை காலத்துக்கு அப்புறமும் ஒரு வாடை போகாமல் இருந்தால், அதில் என்னத்தைக் கலந்திருப்பார்கள்? நீ பக்கத்தில் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பாய். வாடை இருக்கிறது. கேட்க நீ இல்லை.

அட்டையில் நான் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறேன். உன் அட்டையில் நீ போட்டோக்காரரை முறைத்துக்கொண்டிருப்பாய். "எதுக்கு என்னச் சிரிக்கச் சொல்றாரு அவரு? எதையாச்சும் நம்ம தலையில கட்டப் போறாரா?" என்று அன்றைக்குக் கேட்டாய். இரண்டு அட்டையிலும் பெயருக்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரே சொல்: "பயிற்சியாளர்". பயிற்சி பெற வந்தவர்களைப் பயிற்சி கொடுப்பவர்களாக்கி அச்சடித்துத் தந்தது நமது ஆய்வு நிறுவனம்.

அட்டை இன்றைக்கென்று பார்த்துக் கையில் வந்ததும் எனக்குச் சரியாகப் படவில்லை. நேற்றுதான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. "பொதுக்கொள்கைத் துறையில் இன்டர்ன்ஷிப்: என்ன எதிர்பார்க்கலாம்?" என்று மாணவர்களிடம் நான் பேச வேண்டுமாம். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் "கொள்கை வல்லுநர்" என்று போட்டிருக்கிறார்கள். யாரைக் கேட்டுப் போட்டார்கள்? "ஊக்கமளிக்கும் விதமாக" ஐந்து குறிப்புகள் முன்கூட்டியே அனுப்பும்படி ஒரு வேண்டுகோள். ஊக்கமளிக்கும் என்ற சொல்லுக்கு அடியில் கோடு வேறு. கோடு போட்டு ஊக்கம் கேட்பவர்களை நம்பலாமா?

அதனால் அவர்களுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு உனக்கு எழுதுகிறேன். நீ படிக்க மாட்டாய் என்பது தெரியும். இருந்தாலும் நீ படித்துவிட்டுக் குறுக்குக் கேள்வி கேட்பாய் என்ற பயத்தில் எழுதினால்தான் எனக்குப் பொய் வராது.

நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று உனக்குத் தெரியும். ஆண்டிமடத்தில் எங்கள் முந்திரித் தோப்பின் வடக்கு மூலையில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அங்கே மரத்தடியில் உட்கார்ந்து, கொள்கை பற்றிப் பேசும் வீடியோ ஒன்று விடாமல் இருமடங்கு வேகத்தில் பார்த்துத் தீர்த்தவள் நான். இலவசப் பாடங்கள், விவாதங்கள், நீளமான பதிவுகள், எல்லாம். டெல்லியில் இருக்கும் ஒரு கொள்கைக்காரர் என் பின்னூட்டத்துக்குக் கட்டைவிரல் போட்டார் என்று அதைப் படம் பிடித்து வைத்திருந்தேன். அரசாணைகளைத் தரவிறக்கிப் படிப்பேன். "மேற்படி பொருள் தொடர்பாக" என்று தொடங்கும் பத்தியைப் பார்த்தாலே எனக்குள் ஏதோ பொங்கும். இந்த வேலை கிடைத்தபோது நான் எதிர்பார்த்தது கண்ணாடிச் சுவர், வெள்ளைப் பலகை, அதில் நான் வரையும் அம்புக்குறிகள், தலையாட்டும் அதிகாரிகள்.

கிடைத்தது செல்போன் கடைக்கு மாடியில் ஓர் அறை. ஒரு டேப்லெட், ஒரு தொப்பி, ஒரு குளுக்கோஸ் பாக்கெட். பக்கத்து நாற்காலியில் நீ.

நமது ஒருங்கிணைப்பாளர் சென்னையிலிருந்து வந்தவர். நல்ல மனிதர். எல்லாரும் அவரை சார் என்போம். அவர் முதல் நாளே கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இங்க நாம எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ என் பக்கம் சாய்ந்தாய்.

"குடும்பம் மாதிரின்னா என்னா அர்த்தம் தெரியுமா புள்ள?"

"என்னா?"

"வேல பாத்துக்கிட்டே இருக்கணும். சம்பளம் கேக்கக் கூடாது."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது என் போனில் அரசாணைகள் சேர்த்து வைத்திருந்த இடத்தைக் காட்டினேன். நீ விரலால் தள்ளிக்கொண்டே போனாய். முடியவே இல்லை.

"ஊருல உள்ள பொண்ணுங்க நடிகருக்கு ரசிகையா இருக்குதுங்க. இது ஜி.ஓ.வுக்கு ரசிகை! கட்-அவுட்டு வெச்சு பால் ஊத்துவியாடி?"

"அவ்ளோ புடிக்கும்."

"புடிக்கிறதெல்லாம் சரி. உன்ன யாராச்சும் ஏமாத்துனா தெரியுமா உனக்கு?"

தெரியாது என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. நீ வரதராசன்பேட்டைக்காரி. உங்கள் அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கத்தின்போதுகூட நீ மனதுக்குள் எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டிருப்பாய் என்று பிறகு சொன்னாய். இலவச மதியச் சாப்பாடு என்றால், "யாரு காசுல?" சான்றிதழ் உண்டு என்றால், "யாருகிட்ட காட்ட?" எனக்கு உன்மேல் எரிச்சலாக வந்தது. இவ்வளவு நல்ல இடத்துக்கு வந்து இப்படிச் சந்தேகப்படுகிறாளே என்று.

நமக்குக் கொடுத்த வேலை பெரியதுதான். ஊர்ப்பக்கம் ஓடும் டவுன் பஸ்களைத் திருத்தி அமைக்கப் போகிறார்கள். கூட்டம் குறைவாக ஏறும் காலை முதல் டிரிப்பை நிறுத்தி, அடுத்து வரும் டிரிப்போடு சேர்த்துவிடலாமா? மக்களைக் கேட்டு வர வேண்டும். பெரும்பாலானவர்கள் சம்மதித்தால் முதல் வண்டி நின்றுவிடும். டேப்லெட்டில் கேள்வி ஒன்று. பொத்தான் இரண்டு. பச்சை, "ஏற்புடையது". சிவப்பு, "ஏற்புடையதல்ல". அடியில் எறும்பு மாதிரி "இதர" என்று ஒரு கட்டம்.

ஒத்திகைக்கு நம்மைக் குரும்பலூருக்கு அனுப்பினார்கள். முதல் வீட்டு அக்கா நம் கழுத்து அட்டையைப் பிடித்து இழுத்துப் படித்தார்.

"பயிற்சியாளரா? என்னா பயிற்சி? தையலா, பியூட்டி பார்லரா?"

"இல்லங்கக்கா..."

"மெசினு குடுப்பீங்களா?"

"இல்லங்கக்கா, நாங்களே பயிற்சிக்கு வந்தவங்க" என்றாய் நீ.

"அப்ப உங்களுக்கு யாரு பயிற்சி குடுக்கறா?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நல்ல கேள்வி" என்றாய்.

நான் டேப்லெட்டைப் பார்த்துப் படித்தேன். "தங்கள் பகுதியின் காலை முதல் பேருந்துச் சேவை அடுத்த சேவையுடன் ஒருங்கிணைக்கப்படுமாயின், அது தங்களுக்கு ஏற்புடையதா?"

"என்னாம்மா சொல்லுது அது?"

"காலைல மொத பஸ்ஸு வராது. அடுத்த பஸ்லதான் போவணும். உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கறாங்க."

அக்கா தெருவைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "பரவாயில்லம்மா" என்றார்.

நான் பச்சையை அழுத்தினேன். எவ்வளவு சுலபம்! அடுத்த வீட்டிலும் பரவாயில்லை. அதற்கடுத்த வீட்டிலும் பரவாயில்லைங்க. மக்கள் மாற்றத்துக்குத் தயாராக இருக்கிறார்கள் என்று அன்றைக்கே ஒரு பதிவு போட மனதுக்குள் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு பொத்தானையும் தொடாமல் வேப்பமரத்தடியில் நின்று சாருக்குப் போன் போட்டாய்.

"சார், பரவாயில்லன்னு சொன்னா எந்த பட்டன் சார்?"

அவர் குரல் எனக்கும் கேட்டது. "பச்சைதாம்மா. எதிர்ப்பு இல்லையே."

நீ போனைப் பைக்குள் போட்டாய். பெரம்பலூரில் டிபன் கடையில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டாய். "தோச எப்படிடி இருக்கு?"

"பரவாயில்ல."

"ஏன் பாதிய ஒதுக்கி வெச்சிருக்க?"

நான் தட்டைப் பார்த்தேன். மாவு புளித்திருந்தது. உண்மையிலேயே சகிக்கவில்லை.

"இப்ப உனக்கு நான் பச்ச அமுக்கவா, செவப்பு அமுக்கவா?"

"ரெண்டும் இல்ல."

"அதான். பரவாயில்லன்னு சொல்றவங்க பதில் சொல்லலடி. பேச்ச முடிச்சு நம்மள அனுப்பி வெக்கிறாங்க."

எனக்கு அப்போதும் முழுசாக ஏறவில்லை. ஒரு சொல்லை இப்படிப் பிய்த்துப் பார்க்கிறாளே என்றுதான் தோன்றியது. மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் அந்த ஊருக்குப் போகும்வரை.

அங்கே நமக்கு வாய்த்தவர் ராணி அக்கா. முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை. கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்தது. வாசலில் நமக்கு நாற்காலி போட்டுவிட்டு, தான் படிக்கட்டில் உட்கார்ந்தார். உள்ளே அவருடைய மகள் மோனிஷா தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜெயங்கொண்டத்தில் பிளஸ் டூ படிக்கிறாள் என்றார். கேள்வியைச் சொன்னேன்.

"பரவாயில்லப்பா" என்றார் ராணி அக்கா. "பொம்பளைங்ககிட்ட டிக்கெட்டு காசு வாங்காமத்தான் ஏத்திக்கிட்டுப் போறான். அவன் பஸ்ஸு. அவன் நிறுத்துனா நாம என்னா கேக்கறது?"

என் விரல் பச்சைக்குப் போனது. நீ என் டேப்லெட்டைக் கையால் மூடினாய்.

"எது பரவாயில்லக்கா?"

"என்னாது?"

"பரவாயில்லன்னீங்களே. எது?"

அக்கா சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. உள்ளே ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இதோ இருக்காளே, இவ படிப்ப நிறுத்திடுவேன். ரெண்டாவது பஸ்ஸுல போனா பெல்லு அடிச்சப்புறம் போய் நிப்பா. நெதமும் வெளியில நிக்க வெப்பாங்க. திருப்பூருல எங்க நாத்தனா வூடு இருக்கு. அனுப்பிட்டா மில்லுல சேத்து வுட்டுரும். அவ்ளோதான். வேற என்னா? பரவாயில்ல."

சொல்லிவிட்டு முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "மோரு குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து மோனிஷா எண்ணெய்க் கையோடு வெளியே வந்தாள். "எனக்குப் பரவாயில்லன்னு யாரு சொன்னா?"

"உள்ள போடி."

"நான் போவ மாட்டேன் திருப்பூருக்கு. எழுதிக்கங்கக்கா."

எழுத முடியாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் பதிலை டேப்லெட் வாங்காது. நீ அதைச் சொன்னபோது அந்தப் பெண் நம்மைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. "பஸ்ஸுல போறது நானு" என்றாள். நீ சிவப்பை அழுத்தினாய். "இதர" கட்டத்தில் "மகள் படிப்பு நின்றுவிடும்" என்று அடித்தாய். பாதியிலேயே கட்டத்தின் எழுத்து அளவு தீர்ந்துவிட்டது. "மகள் படிப்பு" என்பதோடு நின்றது.

திரும்பி வரும் வழியில் எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "நான் இதத்தான் சந்தேகப்பட்டேன்" என்றாய். "இந்த டேப்லெட்டுல பேசறதுக்கு இவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கு. அந்த வார்த்தைய யாரோ முன்னாடியே பச்சையில கட்டி வெச்சிருக்கான்."

"எது பரவாயில்ல?" என்ற அந்தக் கேள்வியை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் இல்ல. என்னோடது. காப்பிரைட்டு" என்று காலரைத் தூக்கிவிட்டுக் காட்டினாய். சுடிதாரில் காலர் எங்கே இருக்கிறது?

அறிக்கையின் முதல் வரைவு வந்தது. "பெரும்பான்மையினர் ஏற்கின்றனர்." முதல் பக்கத்திலேயே, வண்ணத்தில். சார் எல்லாருக்கும் பரோட்டா வாங்கி வைத்திருந்தார். நீ பரோட்டாவைத் தொடவில்லை. எதற்கு வாங்கித் தருகிறார் என்று உனக்கு அதிலும் சந்தேகம்.

"சார், அவங்க சொன்னது பரவாயில்ல. ஏற்புடையதுன்னு சொன்னது உங்க டேப்லெட்டு."

சார் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். "உன் வருத்தம் புரியுதும்மா. ஆனா வந்த பதில நாம மாத்த முடியாது. இன்னைக்கு நல்லதுக்கு மாத்தலாம். நாளைக்கு வேற ஒருத்தர் வேற எதுக்கோ மாத்துவார்" என்றார்.

அது நியாயம் என்று எனக்குப் பட்டது. உனக்கும் பட்டிருக்க வேண்டும், கொஞ்சம் யோசித்தாய். "மாத்த வேணாம் சார். திரும்பிப் போய்க் கேப்போம்."

"வண்டிக்கு எங்க போறது? இன்னும் ரெண்டு நாள்ல குடுக்கணும்."

"அதான் அந்த பஸ்ஸே இருக்குல்ல சார். நிறுத்துறதுக்குள்ள ஏறிக்கிறோம்."

சார் சிரித்துவிட்டார். போய் வரச் சொன்னார். "ஆனா நீங்களா எதுவும் எழுதக் கூடாது. அவங்க வார்த்தையத்தான் எழுதணும்" என்றார். "அதத்தான சார் நானும் சொல்றேன்" என்றாய்.

முந்தின ராத்திரி ராணி அக்கா வீட்டிலேயே தங்கினோம். விடிவதற்குள் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றோம். அந்தக் காலையை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன்! கொட்டகைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு வந்தார்கள். மோனிஷா நம்மைப் பார்த்ததும் தெரியாதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நம்மை நம்பவில்லை. நம்பாதது சரி என்று நீ சொன்னாய். பஸ்ஸுக்குள் நீ ஒவ்வொரு சீட்டாகப் போய்க் கேட்டாய். நான் பின்னாலேயே வந்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி போனில் அடித்தேன்.

"எது பரவாயில்லக்கா?"

"வேலைக்கு லேட்டாப் போனா அரநாள் புடிச்சுக்குவான். அது பரவாயில்லன்னேன்."

"எது பரவாயில்லங்க?"

"ஆஸ்பத்திரியில முன்னாடி போனாதான் சீட்டு தருவான். இல்லன்னா மறுநாளு போவேன். அதுக்கு என்னா பண்றது?"

கடைசி சீட்டில் ஒரு பெண் பெரிதாகச் சிரித்தார். "எனக்கு நெசமாவே பரவாயில்ல தாயி. எங்க வூட்டுக்காரரு புதுசா வண்டி வாங்கிட்டாரு. நாளைலேர்ந்து ஜம்முன்னு அதுல போவேன்."

உனக்கு அவரைத்தான் ரொம்பப் பிடித்தது. "இதுதான்டி ஒரிஜினல் பரவாயில்ல. பச்சையில போடு, பச்சையில போடு!" என்று என் தோளைக் குலுக்கினாய். கண்டக்டர், "யாரும்மா நீங்க, பயிற்சியாளரா? டிரைவிங் சொல்லித் தருவீங்களா?" என்று அட்டையைப் பார்த்துக் கிண்டல் செய்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. அப்போது மட்டும் மோனிஷாவும் சிரித்ததைப் பார்த்தேன்.

அவர்கள் வார்த்தைகளைச் சார் அறிக்கையின் கடைசியில் இணைப்பாகச் சேர்த்தார். முதல் பக்கத்திலிருந்த "ஏற்கின்றனர்" என்பதை எடுத்துவிட்டு, "தெளிவான சம்மதமாகக் கொள்ள இயலாது" என்று எழுதினார். கொஞ்ச நாளில் தகவல் வந்தது. மறு உத்தரவு வரும்வரை முதல் வண்டி தொடரும். நான் மாடிப்படியில் குதித்தேன். ஸ்டேட்டஸில் பட்டாசு வெடிக்கவிட்டேன். நீ அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாய்.

"மறு உத்தரவு வரும் வரைன்னா என்னா அர்த்தம்?"

"வண்டி ஓடும்னு அர்த்தம்!"

"மறு உத்தரவு வரும்னு அர்த்தம்."

அதுதான் நீ. அதனால்தான் இப்போதும் மாதம் ஒரு முறை ராணி அக்காவுக்குப் போன் போடுகிறேன். வண்டி வருகிறதா என்று கேட்பேன். "பரவாயில்லாம ஓடுது" என்பார். எது என்று கேட்பேன். "ஐயோ, வருதும்மா! டயரு மட்டுந்தான் சரியில்ல!" என்று கத்துவார். மோனிஷா பரீட்சை எழுதி முடித்து, இப்போது நர்சிங் சேர்ந்திருக்கிறாள். திருப்பூர்ப் பேச்சு நின்றுவிட்டதாக அக்கா சொல்கிறார். அதையும் மோனிஷாவிடம் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பயிற்சி முடிந்து நமக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். உன் பெயரில் எழுத்துப்பிழை. நீ திருத்தித் தரச் சொல்லிக் கேட்கவே இல்லை. "இவங்க வேலைக்கு இதுதான் சரியான சாட்சி" என்று பையில் போட்டுக்கொண்டு வரதராசன்பேட்டைக்குப் போனாய். போட்டித் தேர்வுக்குப் படித்தாய். நான் அதே மாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் நமக்குள் செய்தி பறக்கும். நான் புது அரசாணை ஒன்றை இதயங்களோடு அனுப்புவேன். நீ அதில் ஒரு சொல்லை மட்டும் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவாய். "தகுதியுள்ள" என்ற சொல்லை. "இயன்றவரை" என்ற சொல்லை. பெரும்பாலும் நீ வட்டமிட்ட இடத்தில்தான் பின்னால் வில்லங்கம் வந்தது.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல். திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக உங்கள் தெருப்பெண் ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எப்படி இருக்கிறாய் என்று கேட்டு அனுப்பினேன்.

"பரவாயில்லடி" என்று வந்தது.

நான் ஒரே ஒரு சொல் அனுப்பினேன். "எது?"

நீ பார்த்துவிட்டாய் என்று நீலக் குறி விழுந்தது. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உன் குரல் செய்தி வந்தது. முதலில் இருமல் கலந்த சிரிப்பு. "எங்கிட்டயேவா?" என்றாய். பிறகு கொஞ்ச நேரம் வார்டு சத்தம் மட்டும். யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பிறகு, "பயமா இருக்குடி. வரியா?"

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்தப் பகல் முழுக்க உன்னோடு இருந்தேன். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீ கட்டிலில் கிடந்தபடியே விசாரணை நடத்தினாய். சலைன் பாட்டிலில் எழுதியிருப்பதை என்னைப் படித்துக் காட்டச் சொன்னாய். ஜூஸ் டப்பாவில் நூறு சதவீதம் என்று போட்டிருந்தது. "எதுல நூறு சதவீதம்னு பாரு" என்றாய். நர்ஸ் அக்கா, "இந்தப் பொண்ணு நல்லாயிடும், இவ்ளோ கேள்வி கேக்குது" என்றார். அவர் போனதும் நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"நான் இல்லன்னா எல்லாரும் வந்து தங்கமான பொண்ணுன்னு சொல்லுவாங்க. நம்பிடாத."

"சும்மா இருடி."

"நான் ரொம்ப எரிச்சல் புடிச்சவன்னு சொல்லு. அதான் உண்ம."

சொல்கிறேன். நீ ரொம்ப எரிச்சல் பிடித்தவள். பத்து ரூபாய் வெள்ளரிப்பிஞ்சு வாங்க நாலு கடை ஏறி இறங்க வைப்பாய். நான் சந்தோஷமாக இருக்கும்போதெல்லாம் அதில் ஓட்டை தேடுவாய். என் வாழ்க்கையில் என்னை ஏமாறவிடாத ஒரே ஆள் நீ. இரண்டு நாளில் போய்விட்டாய். உனக்காகக் கோயில் மணி அடித்தபோது என் காதுக்கே அதை நம்பப் பிடிக்கவில்லை.

இப்போது நம் டேப்லெட்டில் மூன்றாவது பொத்தான் இருக்கிறது. சாரிடம் சண்டை போட்டு வாங்கினேன். மஞ்சள் நிறம். "பரவாயில்லை என்றார்; எது என்று கேட்கவும்." புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் வீடியோ பார்த்துவிட்டு என்னைப் போலவே கண் பளபளக்க வருகிறார்கள். அவர்கள் மஞ்சளை அழுத்திவிட்டு, கேட்காமலேயே அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். அதனால் சில நாள் அவர்களோடு நானும் போகிறேன். கல்லூரியில் பேசும்போது இதைத்தான் சொல்லப் போகிறேன். வெயிலை எதிர்பாருங்கள். மோர் கிடைக்கும் என்று எதிர்பாருங்கள். உங்கள் பெயரைத் தப்பாக அடிப்பார்கள் என்று எதிர்பாருங்கள். யாராவது சுலபமாகச் சரி என்று சொன்னால் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். இதில் ஊக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், தெரியவில்லை.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. உங்கள் அம்மா. வாராவாரம் பேசுவார். நான் எடுத்தேன்.

"சாப்டியா பாப்பா?"

"சாப்டேம்மா."

"மழ வர மாதிரி இருக்கு. குட எடுத்துக்க. எப்படி இருக்க?"

"பரவாயில்லம்மா."

பின்னால் அவர் வளர்க்கும் சேவல் கூவுவது கேட்டது. பிறகு டீச்சர் குரலில், ஒரு பிள்ளையின் சிலேட்டைப் பிடுங்கிப் பார்ப்பது போலக் கேட்டார்.

"எது பரவாயில்ல?"

திருடி! காப்பிரைட் என்றாயே. உன்னுடையது என்று காலரைத் தூக்கிக் காட்டினாயே. எத்தனை வருஷமாக அந்த வீட்டில் நீ பள்ளிக்கூடம் விட்டு முகம் வாடி வந்து பரவாயில்லை என்று சொல்லி, இந்தக் குரலிடம் மாட்டிக்கொண்டாய்?

நான் எழுதுவதை விட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அட்டை இன்னும் கையில்தான் இருந்தது.

"ஒண்ணுமே பரவாயில்லம்மா" என்று தொடங்கி, அந்த வாக்கியம் எனக்குத் தப்பாக வந்துவிட்டது. திருத்திச் சொன்னேன். "எதுவுமே சரியில்லம்மா."

"ம்" என்றார். "இப்ப சொல்லு."